அயோவா அணிக்கு ஏன் புள்ளியே வரவில்லை? ப்ளே காலிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அயோவா பல்கலைக்கழக அணி 2021 முதல் 2023 வரை ஆடிய விதம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் இவை. படிக்க வந்த மாணவர்கள், வேலைக்கு வந்து சனிக்கிழமை மதியம் டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள், ஊரிலிருந்து யூடியூபில் பார்ப்பவர்கள் என்று பலரும் கேட்டார்கள். கேள்விகளை அவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். நான் அந்த அணியின் ரசிகன். பதில்களில் அது தெரியத்தான் செய்யும்.

முதல்ல ரூல்ஸ். நாலு டவுன், பத்து யார்டு, இதை மட்டும் ஒரு தடவை சொல்லிடுங்க.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்குக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். பந்தை ஓடுபவர் கையில் கொடுத்து முன்னேறினால் ரன், குவாட்டர்பேக் எறிந்து இன்னொருவர் பிடித்தால் பாஸ். மூன்று முயற்சியிலும் பத்து யார்டு வரவில்லையென்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் தொலைவாக உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பன்ட்.

புள்ளிக் கணக்கு: களத்தின் இரு கோடியிலும் இருக்கும் பகுதிக்கு எண்ட் ஸோன் என்று பெயர். எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு 6, அதன்பின் உதைக்கு 1. பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு 3. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே மடக்கிவிட்டால் மடக்கிய அணிக்கு 2. இந்தக் கடைசி வகை, சேஃப்டி, அபூர்வம். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ப்ளே காலிங்னா என்ன? குவாட்டர்பேக்தானே முடிவு பண்றார்?

இல்லை. ஒவ்வொரு டவுனுக்கும் முன்னால், பதினொரு பேரும் எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது என்று ஒரு திட்டம், அதாவது ஒரு ப்ளே, வெளியிலிருந்து வரும். அதைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது பந்து வைத்து ஆடும் பிரிவான ஆஃபென்ஸை நடத்தும் பயிற்சியாளர். சில அணிகளில் ஹெட் கோச்சே அதைச் செய்வார். ஒரு ப்ளே முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் தேர்ந்தெடுத்து, சைகையிலோ அட்டையிலோ களத்துக்குச் சொல்லி, ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்று பந்தை எடுத்தாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக் குவாட்டர்பேக்கிடம் நேராகப் பேசுவது கல்லூரி ஆட்டங்களில் 2024 முதல்தான் வழக்கமானது.

குவாட்டர்பேக் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் மாற்றலாம். எவ்வளவு மாற்றலாம் என்பது பயிற்சியாளர் கொடுக்கும் சுதந்திரத்தைப் பொறுத்தது. அயோவாவில் கோஆர்டினேட்டராக இருந்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ். 2017 முதல் 2023 வரை அந்தப் பொறுப்பு அவருடையது.

அயோவா ஆஃபென்ஸ் நிஜமாவே அவ்வளவு மோசமா, இல்ல ரசிகர்கள் பெரிசு பண்றாங்களா?

நிஜமாகவே மோசம். மேல்மட்டப் பிரிவில் 2022-ல் 131 அணிகள் இருந்தன. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை யார்டு முன்னேறினார்கள் என்ற கணக்கில் அயோவா 130-ஆவது இடம். 2023-ல் 133 அணிகள். அயோவா 133-ஆவது, அதாவது கடைசி. அந்த வருடம் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 235 யார்டுகூட வரவில்லை. 2023 செப்டம்பரில் பென் ஸ்டேட்டிடம் 31-0 என்று தோற்ற ஆட்டத்தில் அயோவா முன்னேறியது மொத்தமே 76 யார்டு.

நிதி இல்லாத, மைதானம் காலியாகக் கிடக்கும் அணி என்றால் இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அயோவா பிக் டென் என்ற பணக்காரக் கூட்டமைப்பில் இருக்கும் அணி. அயோவா சிட்டியில் இருக்கும் கின்னிக் ஸ்டேடியத்தில் 69,000 பேருக்கு மேல் உட்காரலாம், அந்த மோசமான வருடங்களிலும் கூட்டம் வந்தது.

7-3ன்னு ஒரு ஆட்டத்தைப் பத்தி எல்லாரும் பேசறாங்களே, அது என்ன?

2022 செப்டம்பர் 3, சீசனின் முதல் ஆட்டம். எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட், ஒரு படி கீழ்ப்பிரிவு அணி. அயோவா 7-3 என்று வென்றது. ஏழு என்றதும் ஒரு டச்டவுன், ஒரு உதை என்றுதான் நினைப்போம். அன்று அப்படி வரவில்லை. ஒரு ஃபீல்டு கோல், இரண்டு சேஃப்டி: 3 + 2 + 2. நான்கு புள்ளிகளை எடுத்தது, எதிரணியைத் தடுக்கும் பிரிவான டிஃபென்ஸ். ஆஃபென்ஸ் மொத்தம் 166 யார்டு முன்னேறி மூன்று புள்ளி எடுத்தது.

சவுத் டகோட்டா ஸ்டேட் அந்த சீசனில் தன் பிரிவின் சாம்பியன் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், அது லேசான அணி இல்லை. ஆனால் அடுத்த வாரமே அயோவா ஸ்டேட்டிடம் 10-7 தோல்வி, அக்டோபரில் இல்லினாயிடம் 9-6 தோல்வி. முதல் ஆட்டம் தற்செயல் இல்லை என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆஃபென்ஸ் இல்லாம எப்படிங்க ஜெயிச்சாங்க? 2023ல பத்து ஆட்டம் ஜெயிச்சிருக்காங்களே!

டிஃபென்ஸும் பன்டும்தான். ஃபில் பார்க்கர் என்ற டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் 2022, 2023 இரண்டு வருடமும் எதிரணிகளைச் சராசரி 15 புள்ளிக்குள் நிறுத்தினார். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது 2023-ல் அவருக்குக் கிடைத்தது. ஜாக் கேம்ப்பெல், கூப்பர் டிஜீன், ரைலி மாஸ் என்று அவரிடம் வளர்ந்தவர்கள் இப்போது தொழில்முறை லீக்கில் ஆடுகிறார்கள்.

பன்டர் டோரி டெய்லர் மெல்போர்னிலிருந்து வந்த ஆஸ்திரேலியர். 2023-ல் அவர் 93 முறை பன்ட் செய்து மொத்தம் 4,479 யார்டு உதைத்தார். ஒரே சீசனில் அவ்வளவு தூரம் யாரும் உதைத்ததில்லை. 1938 முதல் நின்ற சாதனையை அவர் முறியடித்தார். அவர் பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். எதிரணி எண்பது, தொண்ணூறு யார்டு கடந்து வரவேண்டும், பார்க்கரின் பையன்கள் விடமாட்டார்கள். ஒரு பன்டருக்காகக் கைதட்டி எழுந்து நிற்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதி உள்ளவர். ஆனால் ஓர் அணியின் சிறந்த ஆட்டக்காரர் 93 முறை களத்துக்கு வந்தார் என்றால், அந்த அணியின் ஆஃபென்ஸ் 93 முறை நின்றுபோனது என்று அர்த்தம்.

ஜெயிக்கிற டீமுக்கு ரசிகரா இருந்துட்டு ஏன் இவ்வளவு கோபம்? எனக்குப் புரியல.

மேலே சொன்ன டிஃபென்ஸை நினைத்துத்தான். ஒரு கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைப்பது நான்கைந்து வருடம். அப்படி ஒரு தலைமுறை டிஃபென்ஸ் ஓர் அணிக்கு எப்போதாவது ஒருமுறைதான் அமையும். நடுத்தரமான ஆஃபென்ஸ் இருந்திருந்தாலே 2021-லோ 2023-லோ பிக் டென் பட்டத்துக்கு உண்மையாகவே மோதியிருக்கலாம். நடந்தது என்ன? 2021 இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 42-3. 2023 இறுதி ஆட்டத்தில் அதே மிச்சிகனிடம் 26-0. அந்த 26-0 ஆட்டத்தில் டிஃபென்ஸ் மோசமாக ஆடவில்லை. ஒரு புள்ளிகூட எடுக்காத அணிக்காக அவர்கள் எவ்வளவு நேரம் தடுத்துக்கொண்டே இருக்க முடியும்?

பத்து வெற்றியைக் காட்டி வாயை மூடு என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த பத்து வெற்றியில் 15-6, 10-7, 15-13, 13-10 எல்லாம் அடக்கம். ஒவ்வொன்றும் ஒரு பந்து இப்படி அப்படிப் போயிருந்தால் தோல்வி.

ப்ளே காலிங்ல என்னதான் தப்பு? "போர் அடிக்குது"ன்னு சொல்லாம குறிப்பிட்டுச் சொல்லுங்க.

சரி. முதலாவது, முதல் டவுனில் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் ரன். எதிரணி அதை எதிர்பார்த்து ஏழெட்டுப் பேரை நடுவில் குவித்து வைத்திருக்கும். ஒன்றோ இரண்டோ யார்டு வரும். இரண்டாவது டவுனில் இன்னொரு ரன் அல்லது சின்ன பாஸ். மூன்றாவது டவுனில் ஏழெட்டு யார்டு தேவைப்படும், அப்போது பாஸ்தான் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். தடுப்பவர்கள் முழு வேகத்தில் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். முதல் டவுன் முடிவுதான் மூன்றாவது டவுனைக் கெடுக்கிறது. ரசிகர்கள் திட்டுவது மூன்றாவதை, தப்பு இருப்பது முதலாவதில்.

இரண்டாவது, எட்டு யார்டு தேவைப்படும் இடத்தில் நாலு யார்டில் பிடிக்கும் பாஸ். பிடித்தவர் மீதி நான்கை ஓடி எடுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. மின்னல் வேக ரிசீவர்கள் இருந்தால் சரி, அயோவாவில் அந்த மாதிரி ஆட்கள் குறைவு.

மூன்றாவது, நிற்கும் விதத்திலேயே விஷயம் வெளியே தெரிந்துவிடுவது. இன்றைய ஆஃபென்ஸ்கள் பந்து எடுப்பதற்கு முன்னால் ஒருவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி, எதிரணி எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்துத் துப்பு எடுப்பார்கள். ஒரே நிலையில் நின்று ரன்னும் வரலாம், பாஸும் வரலாம் என்று காட்டுவார்கள். அயோவா இதை மிகக் குறைவாகவே செய்தது. கிரிக்கெட்டில் நல்ல பௌலர் மூன்று அவுட்ஸ்விங்கர் போட்டு நான்காவதை உள்ளே கொண்டுவருவார். அந்த நான்காவது பந்துக்காகத்தான் முதல் மூன்று. அயோவாவில் முதல் மூன்று மட்டும் இருந்தது. முதல் கால்பகுதியில் செய்த ஒரு காரியம் மூன்றாம் கால்பகுதியில் வேறொன்றுக்கு வழி திறப்பதை நான் அரிதாகவே பார்த்தேன்.

நாலாவது டவுன்ல ஒரு யார்டு இருந்தாக்கூட பன்ட் அடிக்கிறாங்களே, அதுவும் பிரையன் முடிவா?

இல்லை. நான்காவது டவுனில் உதைப்பதா, முயல்வதா என்பது ஹெட் கோச்சின் முடிவு. இங்கே ஹெட் கோச் கர்க் ஃபெரன்ட்ஸ், 1999 முதல் அதே பொறுப்பில் இருப்பவர். பந்தை எதிரணியிடம் பறிகொடுக்காதே, களத்தின் தூரத்தை உன் பக்கம் வைத்துக்கொள், எதிரணி தப்பு செய்யும்வரை காத்திரு என்பது அவருடைய ஆட்டம். அந்தப் பொறுமை பல வருடம் பலன் தந்தது. 2025 செப்டம்பரில் அவர் பிக் டென் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் ஆனார். அந்த இடத்தில் அவருக்கு முன்னால் இருந்தவர் ஒஹாயோ ஸ்டேட்டின் வுடி ஹேஸ்.

எனவே ஒரு ப்ளேயைத் திட்டும் முன்னால் அது யார் முடிவு என்று பாருங்கள். கடைசிக் கேள்வி வரைக்கும் போக வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிரையன் மேல் விழுந்த அடிகளில் ஒரு பங்கு அவருடைய அப்பாவுக்குப் போக வேண்டியது.

ஒரு நிமிஷம், அப்பாவா? ஹெட் கோச் அப்பா, கோஆர்டினேட்டர் மகனா? இதுக்கெல்லாம் அனுமதி உண்டா?

ஆமாம், கர்க்கின் மூத்த மகன் பிரையன். அயோவாவிலேயே ஆஃபென்சிவ் லைனில், அதாவது எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில், ஆடியவர். பிறகு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியில் டைட் எண்ட் ஆட்டக்காரர்களுக்கு (தடுக்கவும் செய்வார்கள், பாஸும் பிடிப்பார்கள்) பயிற்சியாளராக இருந்தார். 2012-ல் அயோவாவுக்குத் திரும்பி, ஐந்து வருடம் லைன் பயிற்சியாளராக வேலை பார்த்த பிறகுதான் கோஆர்டினேட்டர் ஆனார். தகுதியே இல்லாமல் வந்தவர் என்று சொல்வது பொய்.

பல்கலைக்கழகத்தில் உறவினரை நேரடியாக மேற்பார்வை செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சமாளிக்க, பிரையன் காகிதத்தில் அவருடைய அப்பாவுக்குக் கீழே இல்லை, விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டாவுக்குக் கீழே என்று வைத்தார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்த ஏற்பாடு இதுதான். மற்ற எந்த அணியிலும் ஆஃபென்ஸ் சரிந்தால் ஹெட் கோச் தன் கோஆர்டினேட்டரை மாற்றுவார், அது அவருடைய வேலை. இங்கே அந்த வேலையைச் செய்ய வேண்டியவருக்கு அதிகாரம் இல்லை, இருந்தாலும் சொந்த மகன். அதிகாரம் இருந்தவர் வாரம் முழுக்க ப்ளே போர்டு முன்னால் உட்காருபவர் இல்லை. தட்டிக்கேட்கும் இடம் காலியாகவே இருந்தது.

25 புள்ளி ஒப்பந்தம்னு ஒண்ணு சொன்னாங்களே, அது உண்மையா?

உண்மை. 2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அடிப்படைச் சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. அடுத்த சீசனில் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், குறைந்தது ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். செய்தால் ஒப்பந்தம் நீளும், போனஸும் உண்டு. செய்யாவிட்டால் 2024 ஜூன் 30-ஓடு ஒப்பந்தம் முடியும். பதின்மூன்று ஆட்டம் என்று வைத்தால் மொத்தம் 325 புள்ளி வரும். அதனால் ஒவ்வொரு வாரமும் ரசிகர்கள் 325-க்கு இன்னும் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

டிஃபென்ஸ் எடுக்கிற புள்ளியும் அந்த 25ல சேருமா?

சேரும். டிஃபென்ஸ், உதை ஆட்டம், சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

இந்த ஒப்பந்தம் வெளியே வந்தபோது நாடு முழுக்கச் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பயிற்சியாளரை மதிப்பிட அந்த எண் எதற்கும் உதவாது. எளிய எதிரணிக்கு எதிராக 41 புள்ளி எடுத்தால் சராசரி ஏறும், ஆனால் ஆஃபென்ஸ் முன்னேறியதாக அர்த்தம் இல்லை. மூன்றாவது டவுனில் எத்தனை முறை தப்பித்தார்கள், எத்தனை இளம் ரிசீவர்கள் அணியில் தங்கினார்கள் என்று பார்த்திருக்கலாம். கடைசியில் 14 ஆட்டத்தில் 216 புள்ளி, சராசரி 15.4.

குவாட்டர்பேக்குக்கு அடிபட்டுச்சு, டைட் எண்ட் ரெண்டு பேருக்கும் அடிபட்டுச்சு. பிரையன் என்ன பண்ணுவார் பாவம்?

நியாயமான கேள்வி. 2023-க்காக மிச்சிகனிலிருந்து வந்த குவாட்டர்பேக் கேட் மெக்நமாரா செப்டம்பர் கடைசியிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். டைட் எண்ட் லூக் லேக்கி, எரிக் ஆல் இருவரையும் காயம் எடுத்துக்கொண்டது. பொறுப்பேற்ற டீக்கன் ஹில் எறிந்ததில் பாதிகூடப் பிடிபடவில்லை. விஸ்கான்சின் ஆட்டத்தை அவர் 37 யார்டு மட்டுமே எறிந்து ஜெயித்தார். அந்த நிலைமையில் எந்தக் கோஆர்டினேட்டரும் திணறுவார், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 2022-ல் இந்தக் காயங்கள் இல்லை, அப்போதும் 130-ஆவது இடம்தான். அதோடு, மாற்று ஆட்டக்காரர் தயாராக இல்லாததும் ஆஃபென்ஸ் நடத்துபவரின் பொறுப்பில்தான் வரும். ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். சார்லி ஜோன்ஸ் என்ற ரிசீவர் 2021-ல் அயோவாவில் இருந்தார், பந்து அவரிடம் அதிகம் போகவில்லை. 2022-ல் பர்டூவுக்கு மாறினார். அங்கே அந்த ஒரு சீசனில் 110 கேட்ச், 1,361 யார்டு. அதே ஆள், அதே கூட்டமைப்பு, ஏறக்குறைய அதே எதிரணிகள். இதைப் பார்க்கும் பதினேழு வயது ரிசீவர் அயோவாவுக்கு ஏன் வருவான்?

ப்ளே தப்பா, ஆடினவங்க தப்பான்னு டிவியில பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பந்து எடுக்கும் நொடிக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். நடுவில் தடுக்க நிற்பவர்கள் எத்தனை, அவர்களைத் தடுக்க அயோவாவுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எட்டுப் பேர் நிற்கும் இடத்தில் ஏழு பேரை வைத்து ரன் என்றால் அது ப்ளேயின் தப்பு, அல்லது அதை மாற்றக் குவாட்டர்பேக்குக்குச் சுதந்திரம் கொடுக்காத தப்பு. ஆள் கணக்கு சரியாக இருந்தும் ஒருவர் தடுப்பைத் தவறவிட்டால் அது ஆடியவர் தப்பு. பாஸ் என்றால், பின்னாலிருந்து எடுத்த ரீப்ளே வரும்போது யாராவது தனியாக நிற்கிறாரா என்று பாருங்கள். நின்றால் திட்டம் வேலை செய்திருக்கிறது, எறிந்தவர் பார்க்கவில்லை.

2022-ல் இரண்டும் கலந்துதான் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் லைனின் நடுவில் நிற்கும் சென்டராக இருந்த டைலர் லிண்டர்பாம் தொழில்முறைக்கு, அதுவும் அந்த லீக் ஆள் எடுக்கும் முதல் சுற்றிலேயே, போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த லைன் சிறு வயது, அனுபவம் குறைவு. குவாட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ராஸ் எறிவதற்கு முன்னாலேயே அவர்மேல் ஆள் விழுந்துவிடும். நல்ல ப்ளேகூட மோசமாகத் தெரிந்தது. ஆனால் லைன் பலவீனம் என்று தெரிந்த பிறகும் நீளமாகக் காத்திருந்து எறியும் ப்ளேயைக் கொடுத்தால், அது மறுபடி கொடுத்தவர் தப்புதான்.

மைதானத்துல "ஊ"ன்னு கத்தறது சரியா? சின்னப் பசங்கதானே ஆடறாங்க.

ஆட்டக்காரர்களை நோக்கிக் கத்துவது எனக்குப் பிடிக்காது. பெட்ராஸ் 2020-லிருந்து அடி வாங்கிக்கொண்டே ஆடினார், ஒருநாள்கூட மற்றவர்மேல் பழி போட்டு நான் கேட்டதில்லை. இணையத்தில் அவரையும் ஹில்லையும் பற்றி எழுதப்பட்ட சிலவற்றைப் படிக்கவே கூசும்.

பயிற்சியாளரின் முடிவை எதிர்த்துக் கத்துவது வேறு. நான்காவது டவுனில் பன்ட் அணி களத்துக்கு வரும்போது எழும் சத்தம் யாருக்கானது என்று ஆட்டக்காரர்களுக்கும் தெரியும். பயிற்சியாளர்கள் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள். கர்க்கின் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் வருடத்துக்கு 70 லட்சம் டாலர் என்று 2029 வரை நீட்டிக்கப்பட்டது. டிக்கெட் வாங்கியவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

இதே கூட்டம்தான் முதல் கால்பகுதி முடிந்ததும் எழுந்து, மைதானத்துக்குப் பக்கத்திலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறது. 2017 முதல் இது நடக்கிறது. அயோவா ரசிகர்களைக் கெட்டவர்கள் என்று எழுதுபவர்கள் அதையும் எழுதட்டும்.

சூதாட்டக் கணக்குல கூட அயோவா ரெக்கார்டு வச்சிருக்காமே?

இரண்டு அணிகளும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுக்கும் என்று பந்தய நிறுவனங்கள் ஓர் எண் வைக்கும். 50 சாதாரணம். 2023-ல் நார்த்வெஸ்டர்ன், ரட்கர்ஸ், நெப்ராஸ்கா ஆட்டங்களுக்கு 30-க்கும் கீழே வைத்தார்கள். அப்படியும் மொத்தம் வந்தது 17, 22, 23.

சீசன் முடியறதுக்குள்ளயே ஏன் பிரையனை அனுப்பறதா அறிவிச்சாங்க? ஜெயிச்சிட்டுதானே இருந்தாங்க?

2023 அக்டோபர் 21, மின்னசோட்டா ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். 12-10 என்று பின்னால் இருந்தபோது, கடைசி நிமிடங்களில் கூப்பர் டிஜீன் ஒரு பன்டைப் பிடித்து டச்டவுன்வரை ஓடினார். நடுவர்கள் ரீப்ளே பார்த்து, ஓடுமுன் அவர் கையை அசைத்தது தவறான சைகை என்று அதை ரத்துசெய்தார்கள். மாநிலமே கொதித்தது. நானும் அந்தத் தீர்ப்பை இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் பந்து அயோவாவிடம்தான் இருந்தது, ஒரு ஃபீல்டு கோல் போதும். அதுவும் முடியவில்லை. அந்த இரண்டாம் பாதி முழுக்க அயோவா ஆஃபென்ஸ் முன்னேறியது 12 யார்டு.

பார்ட்டா அந்த ஆகஸ்டில் ஓய்வு பெற்றிருந்தார். இடைக்கால இயக்குநராக வந்த பெத் கோட்ஸ் அக்டோபர் 30 அன்று, சீசனுக்குப் பிறகு பிரையன் தொடரமாட்டார் என்று அறிவித்தார். சீசன் முடிந்த பிறகு பார்த்திருக்கலாம் என்பது கர்க்கின் கருத்து. கோட்ஸ் செய்தது சரி என்று நினைக்கிறேன். மகனைப் பற்றிய முடிவை அப்பாவின் தோளிலிருந்து யாராவது இறக்கி வைத்தே ஆக வேண்டியிருந்தது. பிரையன் கடைசி ஆட்டம்வரை வேலை பார்த்தார். 2024 ஜனவரி 1 சிட்ரஸ் பவுலில் டென்னசியிடம் 35-0.

2017ல இதே பிரையன்தானே ஒஹாயோ ஸ்டேட்டை 55-24ன்னு அடிச்சார்? அப்போ எப்படி அவருக்குத் தெரியாம போச்சு?

கேள்வி கேட்டவர் விஷயம் தெரிந்தவர். அவர்தான். 2019 ஹாலிடே பவுலில் தெற்குக் கலிஃபோர்னியாவை 49-24 என்று வென்றபோதும் அவர்தான். 2017-ல் அவரிடம் நோவா ஃபேன்ட், டி. ஜே. ஹாக்கன்சன் என்று ஒரே வருடத்தில் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட இரண்டு டைட் எண்ட்கள் இருந்தார்கள், பிறகு நல்ல ரிசீவர்களும் இருந்தார்கள், லைன் உறுதியாக இருந்தது. திறமை மேலே இருந்தால் பழைய திட்டமும் ஓடும். திறமை குறைந்த வருடத்தில்தான் திட்டம் போடுபவரின் கெட்டிக்காரத்தனம் தெரிய வேண்டும், 2021-க்குப் பிறகு அது தெரியவில்லை. எதிரணிகள் மாறிக்கொண்டே இருந்தன, இவர்கள் அங்கேயே நின்றார்கள்.

மகன் போனதும் எல்லாம் சரியாயிடுச்சா? அப்போ தப்பு முழுக்க அவர்மேலதானே?

2024-ல் கோஆர்டினேட்டராக டிம் லெஸ்டர் வந்தார். முன்பு வெஸ்டர்ன் மிச்சிகனில் ஹெட் கோச், அதற்கடுத்து கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியில் வேலை பார்த்தவர். மூன்றாவதாக நான் சொன்ன குறையை வந்ததுமே சரிசெய்தார்: பந்து எடுக்குமுன் ஆட்களை நகர்த்தினார், ரன்னையும் பாஸையும் ஒரே தோற்றத்தில் வைத்தார். கேலெப் ஜான்சன் அந்த சீசனில் 1,537 யார்டு ஓடி, ஓட்டத்திலேயே 21 டச்டவுன் எடுத்தார், அந்த 21 அயோவா சாதனை. அவர் 2023-லும் இதே அணியில்தான் இருந்தார். சராசரிப் புள்ளி 27-ஐத் தாண்டியது. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் ப்ளே காலிங்கில் தப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வெற்றி எண்ணிக்கை பத்திலிருந்து எட்டாகக் குறைந்தது. பாஸ் ஆட்டம் அந்த வருடமும் பலவீனம்தான், குவாட்டர்பேக் நிலைக்கவில்லை. ஆட்களைச் சேர்ப்பது, குவாட்டர்பேக்கை வளர்ப்பது, எப்போது துணிவது என்பதெல்லாம் ஹெட் கோச்சின் கையில் இருப்பவை, அவை ஒரு கோஆர்டினேட்டர் மாறியதால் மாறிவிடாது. 2025-க்கு அயோவா கொண்டுவந்த குவாட்டர்பேக் மார்க் கிரனோவ்ஸ்கி. அந்த 7-3 ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்காக எதிரே ஆடியவர் அவர்தான். லெஸ்டரைத் தேர்ந்தெடுத்தவரும் இதே கர்க்தான். இந்த மாற்றத்தை அவர் 2022 டிசம்பரிலேயே செய்திருக்கலாம். செய்திருந்தால் கேம்ப்பெல்லுக்கு இல்லாவிட்டாலும் டிஜீனுக்கும் டெய்லருக்கும் ஒரு வருடமாவது மிஞ்சியிருக்கும்.